கடைசியாக நன்றாக இருந்த நேரம்

மணி பார்க்கிற புத்தி எனக்கு லாரியில் ஒட்டிக்கொண்டது. முப்பத்தொரு வருஷம் சங்ககிரியிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர், இந்தூர் என்று ஓட்டியவன் நான். எந்தச் செக்போஸ்ட்டை எத்தனை மணிக்குத் தாண்டினேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். வண்டியை விட்டு இறங்கி நாலு வருஷம் ஆகிறது. புத்தி மட்டும் இறங்கவில்லை. அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் காளியண்ணனின் போன் முதல் தடவை அடித்தது ஐந்து ஐம்பதுக்கு, இரண்டாம் தடவை அடித்தது ஐந்து ஐம்பத்து நாலுக்கு என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்து தொலைத்துவிட்டது.

காளியண்ணன் எனக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரன். ஐம்பத்திரண்டு வயது. போர்வெல்லில் சிக்கிக்கொண்ட மோட்டாரை வெளியே எடுப்பது அவன் தொழில். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் நாடு பூராவும் போய்க் குழி போட்டுவிட்டு வருகிறார்கள். அந்தக் குழிக்குள் மாட்டிக்கொண்டதை எடுக்க ஆள் வேண்டாமா? இந்தப் பக்கம் இருபது மைலுக்குள் மோட்டார் சிக்கினால் காளியண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். குழிக்குள் எட்டிப் பார்த்தால் இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. அவன் கயிற்றை இரண்டு விரலில் பிடித்துப் பார்த்துவிட்டு, கீழே சேறா, கல்லா, பைப் உடைந்து கிடக்கிறதா என்று சொல்வான். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பங்குனிக் கடைசியில் என் மோட்டார் சிக்கிக்கொண்டது. அறுநூற்று நாற்பது அடி. நாற்பது தென்னை காய்ந்துகொண்டிருந்தது. முந்தின நாள் கம்ப்ரசர் வைத்து உள்ளே காற்றடித்துச் சேற்றைக் கலக்கிவிட்டிருந்தான். செவ்வாய்க்கிழமை விடியுமுன்னே இரண்டு ஆட்களோடு வந்துவிட்டான். ஒன்பது மணிக்கு மேல் அந்த வெயிலில் செயினில் கை வைக்க முடியாது, தோல் பொரிந்துவிடும். மூன்று இரும்புக்கால் ஊன்றி, செயின் புல்லி மாட்டி, இழுக்க ஆரம்பித்தபோது மணி ஐந்தேகால்.

இந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. அசைந்த மோட்டாரை நிறுத்தக் கூடாது. சேற்றைவிட்டு முழுசாக மேலே வருகிற வரைக்கும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் சுற்றிலும் இருக்கிற சேறு மறுபடி இறங்கி, முன்னைக் காட்டிலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் இழுக்க ஆரம்பித்தால் யாரும் வெற்றிலை போடக் கூடாது, ஒன்றுக்குப் போகக் கூடாது, போன் எடுக்கக் கூடாது. எல்லார் போனையும் ஒரு துண்டில் முடிந்து வரப்பில் வைத்துவிடுவார்கள். அன்றைக்கு வரப்பில் எறும்பு என்று அந்தத் துண்டை நான் மடியில் வைத்திருந்தேன்.

ஐந்து நாற்பதுக்கு மோட்டார் அசைந்தது. "அசைஞ்சிருச்சுங்கண்ணா!" என்று காளியண்ணன் கத்தினான். எனக்கு உயிர் வந்தது. பத்தாவது நிமிஷம் துண்டுக்குள் காளியண்ணனின் போன் அடித்தது. அவன் பெண்டாட்டி.

"காளி, ஜோதி கூப்புடறா."

"கட் பண்ணுங்கண்ணா. பால்காரன் வல்லீன்னு சொல்லுவா. செத்த நேரத்துல நானே பேசறேன்."

கட் பண்ணினேன். நாலு நிமிஷம் கழித்து மறுபடி அடித்தது. இந்தத் தடவை அவனைக் கேட்காமல் நானே எடுத்துக் காதில் வைத்தேன். ஏதோ கொழகொழவென்று கேட்டது. வாய்க்குள் சோறு வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி. ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. "அம்மிணி, டவரு இல்லீ, அப்பறம் பேசு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். எங்கள் பக்கம் டவர் அப்படித்தான் இருக்கும். காளியண்ணன் திரும்பிப் பார்த்தான். "டவரு இல்லீடா, நீ இழு" என்றேன். இது என் வாயால் வந்த வார்த்தை, வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

மோட்டார் ஏழு இருபதுக்கு மேலே வந்தது. சேறு அப்பிக் கிடந்ததைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். பிறகு வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து, ஜோதி விடியக்காலையில் கொடுத்தனுப்பிய தூக்குப்போசியைத் திறந்தோம். கம்பஞ்சோறு, மோர், சின்ன வெங்காயம், மோர்மிளகாய். நான் இரண்டாம் தடவையும் வாங்கிக் குடித்தேன். "உன்ற ஊட்டுக்காரி கையி கையிதான்டா" என்றுகூடச் சொன்னேன்.

சாப்பிட்டு முடித்துத்தான் காளியண்ணன் அவளுக்குக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. "மாடு கறந்துட்டு இருப்பா" என்றான். அப்புறமும் எடுக்கவில்லை என்றதும் எழுந்து நடந்தான். நானும் பின்னாலேயே போனேன்.

மாடு கட்டுகிற இடத்தில் ஜோதி ஒருக்களித்துக் கிடந்தாள். கண் திறந்திருந்தது. வாய் இடது பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. வலது கை செத்த பாம்பு மாதிரி சாணியில் கிடந்தது. இடது கையில் போன். காளியண்ணன் "சாமி, சாமி" என்று அவளைத் தூக்கினான். அவள் அவனைப் பார்த்து என்னமோ சொன்னாள். அதே கொழகொழ. டவர் இல்லாத சத்தம் அல்ல அது என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. மணி எட்டு.

என் ஆம்னி வேனில் போட்டுக்கொண்டு சங்ககிரிக்குப் பறந்தோம். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா பார்த்தவுடனே, "இங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க. சேலம் போயிருங்க. மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. நாலரை மணி நேரத்துக்குள்ள போயிட்டா ஊசி ஒண்ணு இருக்குது. அதத் தாண்டிருச்சுன்னா போட மாட்டாங்க" என்று சொன்னது. அந்த நர்ஸம்மா நல்லதுக்குத்தான் சொன்னது. அங்கே ஆம்புலன்ஸ் வரும், வரும் என்று அரை மணி நேரம் போயிற்று, வரவில்லை. வந்த வேனிலேயே கிளம்பினோம். மகுடஞ்சாவடி தாண்டுகையில் பின்சீட்டிலிருந்து காளியண்ணன் கேட்டான்.

"அண்ணா, மணி எத்தன?"

"ஒம்பது இருபது."

கண்ணாடியில் பார்த்தேன். ஜோதியின் தலை அவன் மடியில். அவன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. எண்ணி முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

சேலத்தில் டாக்டர் தஸ்லீம் என்று ஒரு பெண். நாற்பது வயதுகூட இருக்காது. சேலம் கோட்டைப் பக்கத்துக்காரர், தலையில் முக்காடு, காலில் ஓடுகிறவர்கள் போடுகிற ஷூ. ஸ்ட்ரெச்சரோடு நடந்துகொண்டே கேட்டார்.

"கடைசியா இவங்க நல்லா இருந்ததை எத்தனை மணிக்குப் பாத்தீங்க?"

காளியண்ணன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"எட்டு மணிக்குங்க. என்ற கண்ணு முன்னாலதான் உழுந்தா" என்றான் காளியண்ணன்.

"நல்லாத் தெரியுமா? இது ரொம்ப முக்கியம்ணா. அதை வெச்சுத்தான் எல்லாம் பண்ணுவோம்."

"தெரியுமுங்க. எட்டு மணி."

நான் வாயைத் திறந்திருக்கலாம். ஆர்.டி.ஓ.விடமே எதிர்த்துப் பேசிய வாய் இது. திறக்கவில்லை. நிஜத்தைச் சொன்னால் ஊசி போட மாட்டார்களோ என்று பயம் ஒரு பக்கம். அவள் கூப்பிட்டபோது போனை வைத்தவன் நான்தான் என்பது இன்னொரு பக்கம். எது பெரிய பக்கம் என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடிகிறது. ஆனால் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். பத்தரை மணிக்கு ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் கையில் ஒரு தாளோடு வந்தார். மரக்கிளை மாதிரி ஒரு படம் வரைந்து, கிளை பிரிகிற இடத்தில் பேனாவால் குத்தினார்.

"பெரிய குழாயே அடைச்சிருக்கு. ஊசி மட்டும் இதுக்குப் பத்தாது. தொடைகிட்ட ரத்தக்குழாய்ல சின்ன டியூப் விட்டு, மூளை வரைக்கும் கொண்டுபோய் ரத்தக்கட்டியை எடுக்கணும். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, டியூபைக் கட்டியோட வாயில ஒட்டவெச்சு, மெஷின்ல உறிஞ்சி இழுக்குறது. இன்னொண்ணு, கம்பிவலை. அதைக் கட்டிக்குள்ள விட்டு விரிச்சு, சில நிமிஷம் விட்டுட்டு, வலையில கட்டி நல்லாச் சிக்கினதும் மெல்ல இழுக்குறது."

காளியண்ணன் தாளைக் கையில் வாங்கினான். பேனா குத்திய இடத்தை, கயிற்றைப் பிடித்துப் பார்க்கிற அந்த இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தான்.

"இந்த ரெண்டுல எது நெம்ப நல்லதுங்க டாக்டரம்மா?"

"நிறையப் பேருக்குப் பண்ணி ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க. பெரிய வித்தியாசம் இல்ல. உறிஞ்சறது சில நேரம் சீக்கிரம் முடிஞ்சிடும். கட்டி கெட்டியா இருந்தா சில நேரம் வலைதான் பிடிக்கும். ரெண்டையும் சேத்தும் பண்ணுவோம். உள்ள போய்ப் பாத்துத்தான் முடிவு பண்ணணும்."

"இழுக்கறப்பத் துண்டு பிஞ்சு, இன்னும் உள்ளார போயி அடைச்சுப்போட்டா?"

டாக்டர் பேனாவை மூடினார். "நீங்க என்ன வேலை பண்றீங்கண்ணா?"

"போர்ல உழுந்த மோட்டாரு எடுக்கறனுங்க. எங்களுக்கும் இதே ரெண்டுதானுங்க. மொதல்ல காத்தடிச்சுக் கலைச்சு உட்டுப் பாப்போம். அதுல வல்லீன்னா கொக்கி எறக்கோணும். ஒவ்வொருக்கா இழுத்துத் தவறுனாலும் கீழ இருக்கறது இன்னுங் கெட்டியாயிருமுங்க. மூணு இழுப்புக்கு மேல நான் இழுக்க மாட்டனுங்க."

"நானும் மூணுக்கு மேல போனா ரொம்ப யோசிப்பேன்" என்றார் டாக்டர். "ஆனா ஒண்ணு. எந்த வழிங்கறதைவிட எவ்வளவு சீக்கிரம்ங்கறதுதான் பெருசு. அடைச்ச ஒவ்வொரு நிமிஷமும் மூளை செத்துக்கிட்டே இருக்கும். நீங்க சீக்கிரம் கொண்டுவந்தது நல்லதாப் போச்சு."

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டான். அவன் கையெழுத்து எப்போதும் குண்டுகுண்டாக இருக்கும். அன்றைக்குத் தாளைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிர்ச் சுவரில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் டீயும் பன்னும் வாங்கிவந்தேன், அவன் தொடவில்லை. இரண்டு கையும் அதுபாட்டுக்கு மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தன. செயின் இழுக்கிற கை. உள்ளே அவன் பெண்டாட்டி தலைக்குள் யாரோ இழுக்கிறார்கள், இங்கே இவன் இழுக்கிறான். எனக்குப் பார்க்க முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

ஒரு மணி நேரம் பத்து நிமிஷத்தில் டாக்டர் வெளியே வந்தார். உறிஞ்சி இரண்டு தடவை வரவில்லையாம். மூன்றாவதாக வலையும் உறிஞ்சலும் சேர்த்துப் போட்டதில் வந்துவிட்டதாம். வெள்ளைத்துணியில் வைத்துக் காட்டினார். நனைந்த புளித்துணுக்கு மாதிரி, அரை அங்குலம்கூட இல்லை.

"இத்துனூண்டா?" என்றான் காளியண்ணன். அவன் கண்ணில் தண்ணீர் கொட்டிற்று. "இத்துனூண்டுங்களா டாக்டரம்மா?"

அடுத்த நாள் காலை மறுபடி ஸ்கேன். உள்ளே லேசாக ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் டாக்டர். ஊசி போட்டவர்களில் சிலருக்கு இப்படி ஆகும், போடாதவர்களுக்கும் ஆவது உண்டு, பெரிதாகாமல் பார்த்துக்கொள்கிறோம் என்றார். காளியண்ணன் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. டாக்டர் போனதும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, நேரத்த மாத்திச் சொன்னதுனாலதான் ஊசி போட்டாங்கொ. நான்தான அவ தலைக்குள்ள ரத்தத்த வர வெச்சுப்போட்டேன்?"

"அப்படியெல்லாம் இல்லீடா. போடாதவீங்களுக்கும் வருமுன்னு சொன்னாங்கல்ல?"

"அப்ப நெசத்தச் சொல்லிப்போடட்டா?"

நான் டீ வாங்க எழுந்துபோனேன். அவன் டாக்டரிடம் சொல்லவில்லை.

பதினெட்டு நாளில் ஜோதி வீட்டுக்கு வந்தாள். உயிர் தப்பித்தது. வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். வலது கை முட்டிக்குக் கீழே வேலை செய்யவில்லை. பேச்சு போய்விட்டது. நாம் பேசுவது அவளுக்குப் புரியும். அவளுக்குத்தான் சொல் கிடைக்காது. என்ன கேட்டாலும் தேடுவாள், தேடுவாள், முகம் சிவந்து போகும், கடைசியில் "ஆ" என்று ஒன்று வரும். வாயாடி அவள். தோட்டத்து இந்த வரப்பில் நின்று அந்த வரப்பில் இருக்கிறவளோடு சண்டை போடுவாள். அந்த ஊட்டில் இப்போது மாடு கத்துவது மட்டும்தான் கேட்டது.

நாமக்கல்லில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்த மகள் கனிஷ்கா வந்துவிட்டாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் சொன்னபடி அட்டையில் படம் வரைந்து அம்மாவுக்குக் காட்டுவாள். "அம்மா, இது என்னம்மா? சொல்லு. மா... மா..." ஜோதி "மா... டு" என்பாள். மகள் கை தட்டுவாள். முதல் வாரம் மாடு. அப்புறம் தண்ணி. அப்புறம் சோறு, கனி என்று மகள் பெயர், கதவு. ஒவ்வொரு சொல்லுக்கும் கனிஷ்கா சுவரில் ஒரு கோடு போட்டாள்.

அட்டையை எடுத்தால் காளியண்ணன் எழுந்து வெளியே வந்துவிடுவான். நான் முதலில் அவனால் தாங்க முடியவில்லை என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது. அவள் பேச வேண்டும் என்று திருச்செங்கோட்டு அர்த்தநாரீஸ்வரருக்கு வேண்டிக்கொண்டு மலையேறி வந்தவனும் அவன்தான். ஒவ்வொரு சொல் வரும்போதும் பயந்து சாகிறவனும் அவன்தான்.

"நேத்து 'போனு'ன்னு சொல்லிட்டாளுங்கண்ணா" என்றான் ஒரு நாள். "கனி கை தட்டுறா. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டற மாதிரி வெளிய வந்துட்டேன்."

"அவ நாளைக்குப் பேசுனா என்னடா சொல்லிருவா?"

"எத்தன மணிக்குக் கூப்டான்னு சொல்லிருவா. கனிக்குத் தெரிஞ்சிரும். டாக்டருக்குத் தெரிஞ்சிரும்."

"கனிகிட்ட நீயே சொல்லிப்போடு."

"சொன்னா அவ கையி திரும்புமா?"

எனக்கு எரிச்சல் வந்தது. "கை திரும்பாதுடா மடையா, நீயாவது மனுசனாத் திரும்புவே" என்று கத்தினேன். கத்திவிட்டு என் ஊட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். கத்துகிறவன் என்ன யோக்கியன்?

வைகாசி நடுவில் ஜோதி ஒன்று செய்ய ஆரம்பித்தாள். விடிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து, இடது கையால் தன் போனை எடுத்து அவன் நம்பரை அழுத்துவாள். உள்ளே அவன் சட்டைப்பையில் போன் அடிக்கும். அவன் ஓடிவந்து முன்னால் நின்று, "என்ன சாமி? இங்கதான இருக்கறேன்" என்பான். அவள் பதில் சொல்ல மாட்டாள். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கனிஷ்கா, "பயிற்சி பண்றாங்கப்பா, எடுத்துப் பேசுங்க" என்றாள். ஒரு நாள் எடுத்தான். போனில் அவள் மூச்சு கேட்டதாம்; எதிரிலும் அதே மூச்சு கேட்டதாம்.

அவனுக்கு அடிக்காத போனெல்லாம் அடிக்க ஆரம்பித்தது. சாப்பிடுகிறவன் எச்சில் கையோடு பையைத் தடவுவான். போன் கம்பெனிக்காரன் பாட்டு விற்கக் கூப்பிட்டாலும் எடுத்து "ஆருங்க? ஆருங்க?" என்பான். ஆனியில் பனமரத்துப்பட்டி ஏரிப்பக்கம் ஒரு வேலை. அவனைத் தனியாக விட மனசில்லாமல் நானும் போயிருந்தேன். மோட்டார் அசைந்து, முப்பதடி மேலே வந்துவிட்டது. இவன் திடீரென்று செயினைவிட்டுக் கையை எடுத்தான்.

"போனு அடிக்குது."

"ஒண்ணும் அடிக்கலீடா! புடி! புடி!"

அடிக்கவில்லை. எங்கேயோ மரங்கொத்தி கத்தியதோ என்னவோ. செயின் சரசரவென்று ஓடி, கயிறு அறுந்து, மோட்டார் பைப்போடு அடிக்குப் போயிற்று. ஓர் ஆளின் விரல் தப்பித்தது சாமி புண்ணியம். காளியண்ணன் குழிவாயில் மண்டியிட்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். தோளைப் பிடித்துத் தூக்கினேன். அந்த வேப்பமரமில்லாத வெட்டவெளியில் வைத்து அவனிடம் சொன்னேன்.

"காளி, அன்னைக்கு ரெண்டாவது தடவ நான் போன எடுத்தேன்ல. அவ கொழகொழன்னு பேசுனா. டவருன்னு நெனச்சு வெச்சுப்போட்டேன். அவ கொழறுனத உங்கிட்டச் சொல்லவே இல்ல."

அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறுந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டே ஏரியைப் பார்த்தான்.

"நானா இருந்திருந்தாலும் டவருன்னுதான் நெனச்சிருப்பனுங்கண்ணா" என்றான். கொஞ்ச தூரம் நடந்து, நின்று, "டாக்டரம்மாகிட்டச் சொல்லிப்போடலாம். அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காங்கொ" என்றான்.

அன்றைக்குச் சாயங்காலமே மகளை உட்காரவைத்துச் சொன்னான். கனிஷ்கா அழவில்லை. "எனக்கு அம்மா போனைப் பாத்தப்பவே தெரியும்பா. நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாளாம். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

ஆடிக்காற்று வேனைத் தள்ளிக்கொண்டு போன ஒரு நாள் சேலம் போனோம். கனிஷ்காவுக்குப் பரீட்சை, நாங்கள் மூன்று பேர்தான். டாக்டர் தஸ்லீம் ஜோதியின் கையை மடக்கச் சொன்னார், காலைத் தூக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார். முன்னேற்றம் தெரிகிறது என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு நேராக உட்கார்ந்தார்.

"பேச்சு பாக்கலாமா? உங்க பேரு என்னம்மா?"

"ஜோ... தி."

"அருமை! இது என்ன?"

"பே... னா."

காளியண்ணன் தொண்டையைச் செருமினான். "டாக்டரம்மா, ஒண்ணு சொல்லோணுமுங்க. அன்னைக்கு நேரம்..."

டாக்டர் அவனைப் பார்க்காமல் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் அவளைச் சோதித்துக்கொண்டிருந்தார். "நேரமா? அதையும் அவங்களையே கேட்டுப் பாக்கலாம். அன்னைக்கு உங்களுக்கு உடம்பு முடியாமப் போச்சே, அப்ப மணி எத்தனைன்னு ஞாபகம் இருக்காம்மா?"

ஜோதி புருஷனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தேடினாள். உதடு கூடியது, பிரிந்தது.

"எட்... டு."

டாக்டர் சிரித்தார். "எட்டு. கேஸ்ஷீட்லயும் அதான் இருக்கு. ஞாபகம் நல்லா இருக்கே!"

காளியண்ணன் எழுந்து நின்றான். எனக்குத் தெரியும், அவள் சொன்ன அந்த ஒரு சொல்லில் அவன் தப்பித்துப் போயிருக்கலாம். காலமெல்லாம் தப்பித்திருக்கலாம். நிஜமாகவே ஒரு நொடி அவன் அப்படியே போய்விடுவான் என்றுதான் நினைத்தேன்.

"இல்லீங்க" என்றான். "அவ பொய் சொல்றா. அன்னைக்கு நான் சொன்னதக் கேட்டுட்டு எனக்காகச் சொல்றா. அஞ்சு அம்பதுக்கே என்னையக் கூப்டா. நான் மோட்டாரு இழுத்துட்டு இருந்தனுங்க. எடுக்கல. நேரமாச்சுன்னா ஊசி போட மாட்டீங்கன்னு எட்டுன்னு சொல்லிப்போட்டனுங்க."

"ரெண்டாவது தடவ அஞ்சு அம்பத்து நாலு. நான்தாங்க எடுத்தேன். அப்பவே பேச்சு குழறிருச்சுங்க" என்றேன் நான்.

டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். கோபமா, அயர்ச்சியா என்று எனக்குத் தெரியவில்லை.

"தெரிஞ்சிருந்தா அந்த ஊசியைப் போட்டிருக்க மாட்டேன்" என்றார். "நேரா கட்டி எடுக்கத்தான் போயிருப்பேன். அதுக்கு நேரம் இருந்துச்சு. நிஜத்தைச் சொல்லியிருந்தாலும் உங்களைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டோம்ணா."

"அந்த ஊசியாலதான் ரத்தம் வந்துதுங்களா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். என்னால சொல்ல முடியாது. யாராலயும் சொல்ல முடியாது." கேஸ்ஷீட்டைத் திருப்பி, எட்டை அடித்துவிட்டு, மேலே எழுதினார். "இனிமே எங்க போனாலும், எந்த டாக்டர் கேட்டாலும், உள்ளதைச் சொல்லுங்க."

திரும்பி வரும்போது காளியண்ணன் பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கொண்டலாம்பட்டி தாண்டினோம். காற்று மண்ணை வாரிக் கண்ணாடியில் அடித்தது. எனக்கு என்னமோ ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், குரலில் தெரிந்தது.

"ஏஞ் சாமி எட்டுன்னு சொன்னே? நான் நேரத்த மாத்துனதுக்கு நீ என்னைய வெய்யோணுமல்லொ? உன்ற தலைக்குள்ள ரத்தம் வந்ததுக்கு நான்தான காரணம்?"

ஜோதி தலையை ஆட்டினாள். இல்லை என்று ஆட்டினாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். தேட ஆரம்பித்துவிட்டாள். ஏதோ பெரிதாகத் தேடுகிறாள் என்று தெரிந்தது. நெற்றியில் நரம்பு புடைத்தது. அவன் "உடு சாமி, மெதுவாச் சொல்லு, ஊட்டுக்குப் போயிச் சொல்லு" என்றான். அவள் விடவில்லை. காக்காபாளையம் போயிற்று. மகுடஞ்சாவடி போயிற்று. நான் வேகத்தைக் குறைத்து ஓரமாக ஓட்டினேன்.

"கூப்டேன்" என்றாள்.

அவன் அவள் பக்கமாகக் குனிந்தான்.

"நான்... கூப்டனுங்க. நீங்க... வரலீங்க."

நாலு மாதத்தில் அவள் முழுசாகப் பேசிய முதல் பேச்சு அது. மணியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஊசியைப் பற்றியும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆமா சாமி" என்றான் காளியண்ணன். "வரல."

நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.